பலகாரப் பொட்டலப் பெயர்ச்சீட்டு: ஓர் ஆராய்ச்சி

ஆயுத பூசைக்கும் தீபாவளிக்கும் இடையே ஏறக்குறைய இருபது நாள். அந்த இருபது நாளில் எங்கள் வீட்டில் பெயர்ச்சீட்டு வெட்டப்படும். பலகாரப் பொட்டலம் யாருக்கு என்று எழுதி, நூலில் கோத்துத் தொங்கவிடும் துண்டு அட்டையைத்தான் சொல்கிறேன். இதுகாறும் இதை அறிஞர் எவரும் ஆராயாததில் வியப்பில்லை. எழுதிய வாரமே குப்பைக்குப் போகும் இலக்கியத்துக்கு உரை வகுக்க யாருக்குப் பொறுமை வரும்?

இது மேல்நாட்டுச் சரக்கு என்பார் உளர். லண்டனில் ஹென்றி கோல் 1843இல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அச்சிட்டதைச் சான்று காட்டுவர். அது வாழ்த்து, நம் பொருள் பெயர். பொருளின்மேல் ஆளின் பெயரைப் பொறிப்பதில் நாமே மூத்தோர். கீழடிப் பானை ஓட்டில் ஆதன் இருக்கிறார். எகிப்தின் செங்கடல் கரையிலே குசேர் அல் காதிமில் கண்ணனும் சாத்தனும் ஓட்டில் அகப்பட்டார்கள். தாய்லாந்தில் கிடைத்த உரைகல் ஒன்று ‘பெரும்பதன் கல்’ என்று தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்கிறது. கடல் கடந்து போன பொற்கொல்லரே கல் கைமாறிவிடும் என்று அஞ்சியிருக்க, முன்னறையில் பதினெட்டுப் பொட்டலம் அடுக்கி வைத்திருக்கும் என் அம்மா அஞ்சுவதில் குற்றமென்ன? ஏட்டில் துளையிட்டுக் கயிறு கோத்ததும் நம்மவரே. ஆகவே துளையும் நமதே என்க.

பொட்டலங்கள் பார்வைக்குத்தான் ஒன்று. சர்க்கரை உள்ள பெரிய மாமாவுக்கு அதிரசம் கிடையாது. பல் போன பாட்டிக்கு முறுக்கு கிடையாது. போன வருஷம் வெறும் ஓமப்பொடித் தூள் அனுப்பிய எதிர்வீட்டுக்கு நெய் மைசூர்பாகு கிடையாது. சீட்டு மாறினால் உறவு மாறும்.

மூலப்பொருள் பழைய கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவிய மூலைகளைக் கழிக்க வேண்டும். பிள்ளையார் படத்தை வெட்டவும் கூடாது, எறியவும் கூடாது. எங்கள் மேசை இழுப்பறையில் இப்போது நாற்பதுக்குக் குறையாத பிள்ளையார்கள். வழவழ அட்டையில் பால்பாயிண்ட் வழுக்கும், ஸ்கெட்ச் பேனா காயாமல் விரலோடு வந்துவிடும். ஆகவே சொரசொர அட்டையே உத்தமம் என்பது முதற்பதிப்பில் நான் கண்ட முடிபு.

அம்முடிபு தவறு. சொரசொர அட்டை முறுக்கின் எண்ணெயைக் குடிக்கும். நார்களுக்கு இடையே இருந்த காற்றின் இடத்தில் எண்ணெய் புகுந்தால் ஒளி சிதறுவது குறைந்து ஊடுருவிவிடும். பின்பக்கத்து அச்சு முன்பக்கம் தெரியும். சென்ற தீபாவளியன்று என் சின்ன அத்தை வீட்டில், ‘அத்தைக்கு அன்புடன்’ என்ற என் கையெழுத்தின் ஊடே ‘திருநிறைச்செல்வி’ மெல்ல எழுந்திருக்கிறாள். அத்தை சீட்டைத் திருப்பியிருக்கிறார். அவருடைய மகளின் கல்யாணப் பத்திரிகை.

“ஏண்டா, எம் பொண்ணு பத்திரிகையிலயா கத்திரி வெச்சே?” என்று போனில் ஒரு வாக்கியம். மறுமொழிக்கு அவர் காத்திருக்கவில்லை.

பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கலாமே என்பது அம்மாவின் பாடபேதம். ஒட்டிப் பார்த்தாயிற்று. பசை காய்ந்ததும் அட்டை அப்பளம்போல் வளைகிறது.

ஆய்வு இவ்வாண்டும் தொடர்வதால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வீட்டில் பழைய பத்திரிகை இருந்தால் கொடுத்து உதவுங்கள். பிள்ளையார் சிறியவராக இருக்கட்டும். கல்யாணம் எங்களுக்கு எவ்வழியிலும் உறவில்லாதவர்கள் வீட்டுடையதாக இருக்கட்டும்.