உப்பைச் சுற்றிப் போட்டால் கார் அடங்கும்

2004 மார்ச் 13. அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிப் பிரிவான தார்ப்பா, மொஹாவி பாலைவனத்தில் ஒரு ரேக்ளா பந்தயம் வைத்தது. மாடும் கிடையாது, ஓட்டுகிறவனும் கிடையாது. பார்ஸ்டோவில் கிளம்பி 142 மைல் தானாக ஓடுகிற வண்டிக்குப் பத்து லட்சம் டாலர்.

மோட்டார் சைக்கிள் ஒன்று கிளம்பிய இடத்திலேயே சாய்ந்து படுத்தது. சாயாமல் பிடித்துக்கொள்ளும் சுவிட்சைப் போட மறந்துவிட்டார் அதைச் செய்தவர். பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவந்த வண்டி வாசல் சுவரிலேயே முட்டிக்கொண்டது. சரி, பயில்வானைப் பார்ப்போம் என்றால், டெர்ராமேக்ஸ்: ஆறு சக்கரம், 14 டன். வழியோரம் நாலு புதர்ச் செடிகள். பயில்வான் நின்றார். பின்னால் போனார். தைரியம் சொல்லிக்கொண்டு முன்னால் வந்தார். மறுபடி பின்னால். 1.2 மைலில் ஆட்டம் முடிந்தது. ஏறிப் போயிருந்தால் செடிதான் செத்திருக்கும். ஆனால் எதிரே நிற்பது வளைகிற சமாச்சாரமா, வளையாததா என்று அந்தக் கண்ணுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

முதலிடம் சாண்ட்ஸ்டார்ம் என்ற வண்டிக்கு. 7.4 மைல் ஓடி, மண்மேட்டில் தொக்கி நின்று, சக்கரம் புகையப் புகையச் சுற்றியது. பரிசுப் பணம் தார்ப்பாவின் பையிலேயே பத்திரமாக இருந்தது. (அடுத்த வருஷமே ஐந்து வண்டிகள் எல்லையைத் தொட்டன. சொல்லாவிட்டால் இன்ஜினியர்கள் கோபித்துக்கொள்வார்கள்.)

பந்தயத்துக்கு வெளியிலும் இதே கண் கோளாறுதான். ஸ்வீடனில் கடமானைக் காட்டிப் பழக்கிய வால்வோ காரை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். தரையை வைத்துத் தூரம் கணிக்கிற கார் அது. கங்காரு எகிறினால் தூரத்தில் இருக்கிறது என்று நினைக்கும். இறங்கினால் பக்கத்தில் வந்துவிட்டது என்று பதறும். 2017-இல் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

அதே வருஷம் ஜேம்ஸ் பிரிடில் என்ற கலைஞர், கிரீஸின் பர்னாசஸ் மலையருகே ஒரு காரைச் சுற்றி உப்பால் இரண்டு வட்டம் போட்டார். வெளியே விட்டு விட்டு ஒரு கோடு, உள்ளே முழுக்கோடு. சாலை விதிப்படி உள்ளே வரலாம், வெளியே போகக் கூடாது. விதியை மீறத் தெரியாத கார் ஆயுசுக்கும் உள்ளேதான். நம் பாட்டிகள் உப்பைச் சுற்றிப் போட்டது கண்ணேறு கழிய. இவர் கண்ணையே கட்டிவிட்டார்.

2020-இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான மெக்கஃபியின் ஆட்கள் 35 மைல் வேகப் பலகையில் 3-இன் நடுக்கோட்டைக் கறுப்பு டேப்பால் கொஞ்சம் நீட்டினார்கள். 2016-ஆம் வருஷத்து டெஸ்லா அதை 85 என்று படித்து வேகமெடுக்க ஆரம்பித்தது. பலகையில் இருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் பிள்ளை! செலவு இரண்டு அங்குல டேப்.

2023-இல் சான் பிரான்சிஸ்கோவில் டேப்பும் தேவைப்படவில்லை. டிரைவர் இல்லாத டாக்சிகள் மேல் கடுப்பிலிருந்த சிலர் ராத்திரியில் போய், பானெட் மேல் ஒரு ஆரஞ்சுக் கூம்பை வைத்தார்கள். கூரை முழுக்கக் கேமரா, லைடார் என்று கண்களைச் சுமந்த வண்டி, நடுரோட்டில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டே நின்றது. கூம்பை எடுத்துப் போட அதற்குக் கை இல்லை.