பிக் மெட்ச் எந்தத் திணை?

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு போர் நடக்கிறது. யாழ். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையில் 1904இல் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி அது. நாளேடுகள் ‘வடக்கின் பெரும் போர்’ என்று எழுதும். ஊர் ‘பிக் மெட்ச்’ என்னும். மூன்று நாள் ஆட்டம். பக்கத்துக்குப் பதினொரு பெடியள் வெயிலில் நின்று ஆடுவார்கள். அவர்களைப் பற்றி இக்கட்டுரைக்கு அக்கறை இல்லை. அவர்களுடைய ஓட்டமும் விக்கெட்டும் மறுநாள் பத்திரிகையில் வந்துவிடும். எல்லைக்கோட்டுக்கு வெளியே பந்தலின் கீழ், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று நாளும் கதைத்துத் தீர்க்கும் பழைய மாணவர்களே இங்கு ஆய்வுப் பொருள். போர் என்று பெயர் வைத்துவிட்டு, நூறு ஆண்டுக்கு மேலாகியும் அதற்குத் திணை வகுக்காமல் விட்டிருப்பது தமிழறிஞருக்கு அழகன்று.

முதலில் ஆய்வாளரின் நடுநிலை பற்றி. யாழ்ப்பாணத்தில் நடுநிலை ஆய்வாளர் கிடைக்கமாட்டார். இவ்விரு கல்லூரியிலும் படிக்காத ஒருவரைப் பிடிக்கலாமே என்றால், அவர் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்காரராகவோ புனித பத்திரிசியார் கல்லூரிக்காரராகவோ இருப்பார். அவர்களுக்குள் ‘பொன் அணிகளின் போர்’ தனியே உண்டு. யாழ். இந்துவுக்கும் கொக்குவில் இந்துவுக்கும் இன்னொரு போர். ஆகவே இக்கட்டுரையாளர் தாம் எந்தப் பக்கம் என்பதை வெளியிடாமல், சிவப்பும் கறுப்புமான ஒரு தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பூரண நடுநிலையோடு தரவு சேகரித்தார்.

அடிப்படை நூல் தொல்காப்பியப் பொருளதிகாரம். இதனை நச்சினார்க்கினியர் உரையோடு 1885இல் அச்சேற்றியவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் படித்தது வட்டுக்கோட்டைச் செமினரியில் என்பதால் இரு தரப்பும் ஆட்சேபிக்கவில்லை. நாவலர் பதிப்பு எதையாவது கையில் எடுத்திருந்தால் தகராறு வந்திருக்கும். ஆறுமுக நாவலர் பின்னாளில் மத்திய கல்லூரியான அதே மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கும் துணை நின்றவர். பிறகு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கி, அந்த மிஷன்காரரோடேயே கடைசிவரை சொற்போர் நடத்தினார். படித்த பள்ளிக்கே எதிரணியாக நின்ற பழைய மாணவர் என்ற வகையில் அவருக்குத் தனிக்கட்டுரை வேண்டும்.

இனி முதற் கருதுகோள்: பிக் மெட்ச் தும்பைத் திணை. மண்ணுக்காகவோ மாட்டுக்காகவோ அல்லாமல், யார் பலசாலி என்று காட்டுவதற்காகவே இரு படைகள் மோதுவது தும்பை. இது மெத்தப் பொருந்துகிறது. வென்றவர் தோற்றவரின் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டு போவதில்லை. மேலும் தொல்காப்பியர் ஒவ்வொரு புறத்திணைக்கும் ஓர் அகத்திணையைச் சோடி சேர்க்கிறார். தும்பைக்கு அவர் சேர்த்தது நெய்தல். மத்திய கல்லூரி மைதானத்திலிருந்து கோட்டையும் கடலேரியும் எட்டிப் பிடிக்கும் தூரம். பிற்பகலில் பண்ணைப் பக்கத்துக் காற்று வந்து பந்தலை உலுப்பும்போது, முனியப்பர் கோயிலடியில் நின்று பார்த்துவிட்டுத்தான் தொல்காப்பியர் இந்தச் சூத்திரத்தைச் செய்தாரோ என்று ஐயம் எழும். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அதற்கான சான்றை, நாலு விக்கெட் மளமளவென்று சரிந்த எந்தக் கல்லூரியின் பந்தலுக்குப் போயும் பெறலாம்.

ஆனால் தும்பை ஆடுகிற பெடியளுக்கே பொருந்தும். பந்தலில் இருப்பவர்கள் பந்தைப் பார்ப்பதே இல்லை. ‘ஸ்கோர் எவ்வளவு?’ என்று ஆய்வாளர் ஒரு மேசையில் கேட்டார். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் பொறியியலாளரைப் பார்த்தார். பொறியியலாளர் லண்டன்காரரைப் பார்த்தார். மூவருமாகத் திரும்பி, ரோல்ஸ் கொண்டுவந்த பெடியனைப் பார்த்தார்கள். அவனுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் கருதுகோள் உழிஞை. அதாவது மதில் முற்றுகை. ஆட்டம் நெடுங்காலமாக மத்திய கல்லூரி மைதானத்திலேயே நடந்துவருவது பரியோவான்காரருக்குத் தீராத மனக்குறை. “எப்பவும் அடுத்தவன்ர வளவுக்குள்ள போய்த்தான் சண்டை பிடிக்கவேண்டிக் கிடக்கு” என்றார் ஒருவர். புறப்பொருள் வெண்பாமாலையின்படி மதிலை வளைப்பவன் உழிஞை சூடுவான், உள்ளிருந்து காப்பவன் நொச்சி சூடுவான். தொல்காப்பியரோ இரண்டையும் உழிஞைக்குள்ளேயே அடக்கிவிடுவார். எனவே சென்றல்காரர், அதாவது மத்திய கல்லூரிக்காரர், வெண்பாமாலைக் கட்சி, தமக்கெனத் தனித்திணை வேண்டுபவர். பரியோவான்காரர் தொல்காப்பியக் கட்சி. நுழைவாயிலில் அட்டை இல்லாமல் வந்துவிட்டு, “தம்பி, நான் இஞ்ச படிச்சனான்” என்று காவலுக்கு நிற்கும் மாணவனோடு வாதாடும் முதியவரை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்பது தெளிவில்லை.

உழிஞையைப் பற்றி இதற்கு மேல் விளையாட்டாக எழுத முடியாது. இந்த மைதானத்துக்கு அருகிலிருக்கும் கோட்டை 1990இல் உண்மையாகவே மாதக்கணக்கில் முற்றுகையில் இருந்தது. சில ஆண்டுகளில் போர் வந்ததால் பெரும் போர் நடக்கவில்லை. பந்தலில் இருப்பவர்களில் பாதிப்பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருந்து வந்திருப்பதற்கும் அதுவே காரணம். கேட்டால் சொல்வார்கள். நாங்கள் கேட்கவில்லை, அவர்கள் ரீசேட் விஷயத்தில் மும்முரமாக இருந்தார்கள்.

ரீசேட் என்பது வெட்சியின்பாற்படும். வெட்சி ஆநிரை கவர்வது; அதற்குமுன் ஒற்றறிதல், நிமித்தம் பார்த்தல் என்று ஆயத்தங்கள் பல. பிக் மெட்ச்சின் ஆயத்தம் ஜனவரியிலேயே வாட்ஸ்அப்பில் தொடங்குகிறது. யார் வருகிறான், யார் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரமாட்டான், யாருக்கு மனைவி இன்னும் அனுமதி கொடுக்கவில்லை என்பன ஒற்றறிதல். பிறகு வகுப்பு ஆண்டு பொறித்த ரீசேட்டுக்கு அளவு கேட்பார்கள். இங்கேதான் ஆய்வாளர் ஒரு சீரான போக்கைக் கண்டார்: அனைவரும் தாம் உயர்தரம் எழுதிய காலத்து அளவையே கொடுக்கிறார்கள். விளைவு, மெட்ச்சின் முதல்நாள் காலை, பள்ளிச் சின்னம் நெஞ்சில் இருக்கவேண்டிய இடத்தைவிட்டு மேலேறிக் கழுத்தடியில் நிற்க, கீழே தொப்புள் வரை தெரிய, ஓர் அணி நடைபவனிக்குத் தயாராகிறது. பப்பரே வாத்தியக்காரர் முன்னே, கொடிகள் நடுவே, இரத்த அழுத்த மாத்திரை பொக்கற்றுக்குள்.

வெட்சியின் துறைகளில் பாதீடும் உண்டாட்டும் கொடையும் அடங்கும். கவர்ந்ததைப் பங்கிடுதல், கள்ளுண்டு களித்தல், வாரி வழங்குதல். இம்மூன்றும் அதே வரிசையில் மாலை ஆறு மணிக்குமேல் நிகழ்வதை ஆய்வாளர் நேரில் கண்டார். பனங்கள்ளு ஒரு பிளாஸ்ரிக் கலனில் வந்தது. வெளிநாட்டுக்காரர் விமான நிலையத்துச் சீமைப் போத்தலை எடுத்து மேசையில் வைக்க, அதை எல்லோரும் மரியாதையோடு ஓரமாக நகர்த்திவிட்டுக் கள்ளைப் பங்கிட்டார்கள். கொடை என்பது பின்னிரவில் நடப்பது: கல்லூரிக்குப் புதிய ஸ்கோர்ப் பலகை, பயிற்சி வலை, நீச்சல் தடாகம் ஆகியன அறிவிக்கப்படும். காலையில் நீச்சல் தடாகத்தைப் பற்றி எவரும் கதைப்பதில்லை.

காஞ்சியைத் தொல்காப்பியர் நிலையாமை என்கிறார். அதற்குச் சோடியாகப் பெருந்திணையை வைக்கிறார். இந்தச் சோடி ஆய்வாளருக்கு வெகுநாள் விளங்காமல் இருந்தது. பப்பரே தொடங்கியதும், இதயத்தில் இரண்டு ஸ்ரென்ற் வைத்த ஒருவர் கதிரையின்மேல் ஏறி பைலா ஆடினார். விளங்கிவிட்டது. பாடாணுக்குச் சோடி கைக்கிளை. மத்திய கல்லூரிக்கு அயலில் வேம்படி மகளிர் பாடசாலை, பரியோவானுக்கு அயலில் சுண்டுக்குளி மகளிர் கல்லூரி என்ற புவியியலை அறிந்தவர்க்கு இதனை விரிக்கத் தேவையில்லை. வேம்படிப் பழைய மாணவி ஒருவரிடம், அக்காலத்தில் இன்ன துடுப்பாட்ட வீரர் உங்கள் பக்கம் பார்த்தபடியேதான் ஐம்பது அடித்தாராமே என்று கேட்டோம். “எந்த மெட்ச்? நாங்கள் ஐஸ்கிறீம் குடிக்கத்தானே வந்தனாங்கள்” என்றார். ஒருதலைக் காமம் என்பதற்கு இதைவிடத் துப்புரவான சான்று இலக்கியத்தில் இல்லை.

வாகை வெற்றி மட்டுமன்று. அவரவர் தத்தம் துறையில் மேம்பட்டு நிற்பதும் அதில் அடங்கும். ஆகவே மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வாகைப் போர் மூளும். சென்றல்காரர் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற எதிர்வீரசிங்கத்தை இறக்குவார். பரியோவான்காரர் தந்தை செல்வாவை இறக்குவார். “அவர் பிறகு கொழும்பு சென் தோமஸுக்குப் போயிட்டாரே” என்று உடனே மறுப்பு வரும். தோமியன்களுக்கு 1879இலிருந்து றோயலோடு தனிப்போர் இருக்கிறது. செல்வநாயகத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கலாமா என்று ஒரு மணி நேரம் போகும். கடைசியாக சென்றல்காரர், 2024 ஐ.பி.எல்.லில் சன்ரைசர்ஸ் ஐதராபாத்துக்குப் பந்து வீசிய வியாஸ்காந்தை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார். எதிரே இருந்தவர் அவசரப்படாமல் ரோல்ஸை மென்று முடித்தார். “ஓம் மச்சான், நல்ல பெடியன். எங்கட பெடியளுக்குப் போட்டுப் பழகினதாலதானே உந்த உயரத்துக்கு வந்தவன்.”

இந்த மறுமொழிதான் ஆய்வின் திருப்புமுனை. இதுவரை நாம் பழைய மாணவன் தன் கூட்டாளிகளைத் தேடி வருகிறான் என்று நம்பியிருந்தோம். தரவு வேறாகச் சொல்கிறது. முதல்நாள் காலை பத்து மணியளவில் சொந்த வகுப்புக்காரரோடு கட்டிப்பிடித்தல், படம் எடுத்தல், காலமான ஆசிரியர்களைக் கணக்கெடுத்தல் எல்லாம் முடிந்துவிடும். பதினொரு மணிக்கு ஒவ்வொருவராக எழுந்து, ‘ஒருக்கா அங்கால போயிட்டு வாறன்’ என்று எதிர்ப்பந்தலுக்கு நடக்கிறார்கள். காரணம் எளிது. சொந்த நண்பர்களுக்கு ஒருவனைப் பற்றிய ஞாபகம் மொத்தமாக இருக்கிறது: நல்லவன், பம்பலானவன், சைக்கிளில் டபிள்ஸ் ஏற்றுவான். எதிரிக்கு மட்டுமே சில்லறையாக இருக்கிறது. எந்த ஆண்டு, எத்தனையாவது ஓவர், எந்த முனையிலிருந்து வந்த பந்துக்கு அவன் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசினான் என்பதை நாற்பது ஆண்டு கழித்தும் பிசகாமல் சொல்லக்கூடியவன் அந்தப் பந்தை வீசியவன் ஒருவனே. இப்படி எதிரியிடம் போய்த் தன் இளமையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரும் போருக்குத் தொல்காப்பியர் திணை வகுக்கவில்லை. புதிய திணை ஒன்று வேண்டும். பூவைப் பிறகு தீர்மானிக்கலாம். சென்றல்காரர் நீலப் பூ கேட்கிறார்கள்.

சான்றாக ஒரே ஒரு வழக்கு. எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு பிக் மெட்ச். சென்றல் துடுப்பாட்ட வீரர் ஒருவர் நாற்பத்தொன்பதில் நிற்கிறார். பரியோவான் பந்துவீச்சாளரின் பந்து காலில் பட, நடுவர் விரலைத் தூக்குகிறார். அன்று தொடங்கிய வாதம் இன்றும் நடக்கிறது. துடுப்பாட்ட வீரர் ரொறன்ரோவாசி, பந்துவீச்சாளர் மானிப்பாயில் ஓய்வுபெற்ற ஆசிரியர். இரண்டாம் நாள் பிற்பகல் இருவரும் ஆய்வாளர் முன்னிலையில் சம்பவத்தை மீள நடித்துக் காட்டினார்கள். பிளாஸ்ரிக் கதிரை விக்கெட். சோடாப் போத்தல் துடுப்பு. மடித்த துவாய் பந்து.

“இஞ்ச பார், நான் இவ்வளவு முன்னுக்கு வந்திட்டன்,” என்று ரொறன்ரோக்காரர் ஓர் எட்டு எடுத்து வைத்தார்.

“அவ்வளவு நீ எப்ப வந்தனீ? கிறீஸுக்குள்ள நட்ட தூண் மாதிரியெல்லே நிண்டனீ.”

“டேய், பந்து லெக்குக்கு வெளியால போகுது.”

“உனக்கு எப்படித் தெரியும்? நீதான் கண்ணை மூடிட்டியே.”

மைதானத்தில் அப்போது யாரோ ஆட்டமிழந்தார்கள், பெரிய ஆரவாரம். இருவரும் திரும்பவில்லை. ரொறன்ரோக்காரர் காற்சட்டையைச் சுருட்டி இடது முழங்காலை வெளியே எடுத்தார். பந்து பட்ட உயரத்தை அதில் விரல் வைத்துக் காட்டினார். நடுவே நீளமாக ஒரு தையல் வடு. ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“இது கனடாவில மாத்தின முழங்கால் எல்லே?”

“ஓம். போன வருசம் செய்தவங்கள்.”

“அப்ப இதில எப்படியடா பட்டிருக்கும்?”

ரொறன்ரோக்காரர் சிறிது யோசித்தார். பிறகு, பட்டது வலது முழங்காலில்தான் என்றும் அது பழைய முழங்காலே என்றும் வாக்குமூலத்தைத் திருத்தினார். வலது என்றால் பந்து இன்னும் நேராக வந்திருக்கவேண்டும் என்பதால் ஆசிரியர் அதனை ஆட்சேபமின்றி ஏற்றுக்கொண்டார். அதன் பொருள் பிடிபட்டதும் ரொறன்ரோக்காரர் மறுபடியும் இடதுக்கு மாறினார். எக்ஸ்றே படங்களோடு அடுத்த மார்ச்சில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை இக்கட்டுரையாளரின் நடுநிலையான தீர்ப்பு: அவுட்.