பதிமூன்றாயிரம் அடியில் வராத பயம்

சனிக்கிழமை விடிந்தால் அமெரிக்காவின் சிறு விமானத்தளங்களில் ஒரு கூட்டம் கூடிவிடும். முதுகில் மூட்டை, மணிக்கட்டில் உயரமானி, வாயில் ஓயாத பேச்சு. எந்தக் கம்பெனி பாராசூட் உலுக்காமல் விரிகிறது, ஹெல்மெட் கேமராவில் எது தேவலை, போன வாரம் யார் திசை தவறிச் சோளக்காட்டில் போய் இறங்கினார் என்று விமானம் ஏறும்வரை அளந்துகொண்டிருப்பார்கள். எதை முதல் முறையாகச் செய்தாலும் மற்றவர்களுக்கு பீர் வாங்கித் தந்தாக வேண்டும் என்பது இவர்கள் சாத்திரம். முதல் குதிப்புக்கு பீர். பாராசூட் சிக்கி, தப்பிப் பிழைத்தால் அதற்கும் பீர். நம் ஊரிலிருந்து போன மென்பொருள் பிள்ளைகளும் பயிற்சியாளர் வயிற்றோடு கட்டிக்கொண்டு ஒரு தடவை குதித்துவிட்டு, வாட்ஸப்பில் வீடியோ போடுகிறார்கள். அவர்களை விட்டுவிடுவோம். அவர்களுக்குக் கடை கிடையாது, விசாதான் கவலை.

கடை வைத்திருப்பவர்தான் நமக்கு வேண்டும். இந்தக் கூட்டத்துக்குள் ஒரு சாண்ட்விச் கடை முதலாளியை நிறுத்திப் பாருங்கள். கற்பனைக்கு அதிக வேலை இல்லை. ஒரு குதிப்புக்கு 30 டாலர் அளவில் சீட்டு, சொந்தமாக உபகரணம் வாங்கினால் பல ஆயிரம் டாலர். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கட்டுப்படியாகும், கல்லாவில் நின்று பில் போடுகிற பெண்ணுக்கு ஆகாது. நம் முதலாளி 13,000 அடியில் கதவைத் திறந்து, மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் சிரித்துக்கொண்டே விழுவார். ஆபத்து அவருக்கு அல்வா. ஆனால் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு ஒரு டாலர் ஏற்றலாமா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். முகம் வெளிறும், நாக்கு உலரும். "செத்தேன்! கடையை இழுத்து மூட வேண்டியதுதான்!"

13,000 அடியில் வராத நடுக்கம் 1 டாலரில் வந்துவிடுகிறது. இந்த வியாதிக்கு வைத்தியத்தில் பெயர் உண்டோ என்னவோ, வாஷிங்டன் அரசியலில் இதற்குச் 'சிறுதொழில் நலன்' என்று பெயர்.

எந்தக் கூலியைப் பற்றி இந்தக் கூப்பாடு என்று பார்த்துவிடலாம். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். கடைசியாக ஏறியது 2009 ஜூலை 24. அன்று பிறந்த பிள்ளை வளர்ந்து, மீசை முளைத்து, அதே 7.25-க்கு பர்கர் புரட்டுகிற வயதுக்கு வந்துவிட்டது. 1938-இல் சட்டம் வந்ததிலிருந்து இத்தனை காலம் கூலி அசையாமல் கிடந்ததில்லை. வாரம் 40 மணி நேரம், வருடம் 52 வாரம், காய்ச்சலுக்குக்கூடப் படுக்காமல் உழைத்தால் கிடைப்பது 15,080 டாலர். பல மாநிலங்கள் தாமாகவே கூட்டிக்கொண்டன. அலபாமா, லூசியானா, மிசிசிப்பி, தென் கரோலினா, டென்னசி ஆகிய ஐந்தும் கூலிக்கென்று சொந்தமாக ஒரு சட்டம் எழுதவே இல்லை. ஜார்ஜியா எழுதியிருக்கிறது: 5.15 டாலர். மத்தியச் சட்டம் மட்டும் கண் அசந்தால் அதைக் கொடுத்துக் கணக்கை முடிக்கத் தயார் என்று அர்த்தம்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளமும் 2009-லிருந்து ஏறவில்லை. வருடத்துக்கு 1,74,000 டாலரிலேயே பரிதாபமாக நிற்கிறது. எங்களோடு சேர்ந்து அவர்களும்தானே கஷ்டப்படுகிறார்கள் என்று பாத்திரம் கழுவுகிறவர் மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

ஹோட்டலில் பரிமாறுகிறவர்களின் கதை இன்னும் கீழே. டிப்ஸ் வாங்குகிறார்கள் என்ற பாவத்துக்காக முதலாளி தம் கையிலிருந்து கொடுக்க வேண்டியது மணிக்கு 2.13 டாலர் மட்டும். இது 1991-ஆம் வருடத்து விலை. அதுவரை பொதுக் கூலியில் இத்தனை பங்கு என்று ஒட்டிக்கொண்டாவது ஏறிக்கொண்டிருந்தது. 1996-இல் அந்தக் கயிற்றையும் வெட்டிவிட்டார்கள். டிப்ஸோடு சேர்த்தும் 7.25 வராவிட்டால் மீதியை முதலாளி நிரப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குகிற சிப்பந்தியை அடுத்த வாரமும் வேலைக்குக் கூப்பிட வேண்டும் என்று அது சொல்லவில்லை.

1938 ஜூனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை விளக்கி வானொலியில் பேசிய அதிபர் ரூஸ்வெல்ட், நாளொன்றுக்கு 1,000 டாலர் வாங்குகிற நிர்வாகி ஒருவர் வந்து, வாரத்துக்கு 11 டாலர் கூலி தொழில்களையே நாசமாக்கிவிடும் என்று ஊளையிடுவார், நம்பாதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தார். ஊளை இன்றும் அதே சுருதியில்தான் இருக்கிறது. ஏறியது நிர்வாகியின் சம்பளம் ஒன்றுதான்.

நம் வான்வீரரிடம் திரும்புவோம். அவருடைய தைரியத்தின் உள்விவரம் சுவையானது. அவர் முதுகில் இருப்பது ஒரு பாராசூட் அல்ல, இரண்டு. முதலாவது சிக்கினால் அறுத்துவிட்டு விரிக்க இரண்டாவது. அந்த இரண்டாவதை 180 நாளுக்கு ஒருமுறை அரசு உரிமம் பெற்ற ஆள் பிரித்துச் சோதித்து மடித்துத் தர வேண்டும் என்பது விதி. அதற்கும் மேலே, 1991-இல் ஜெர்மனியிலிருந்து வந்த சைப்ரஸ் என்ற கருவி. இவர் மயங்கி விழுந்து, கையும் காலும் ஓடாமல் 750 அடி வரை வந்துவிட்டாலும், வேகத்தை அதுவே கணக்குப் போட்டு, யாரையும் கேட்காமல் இரண்டாவது பாராசூட்டை விரித்துவிடும். நல்ல ஏற்பாடு. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அந்தத் தானியங்கி ஏற்பாடு கூலிக்கும் வேண்டும் என்றால் மட்டும் அது சோஷலிசம் ஆகிவிடுகிறது. அமெரிக்க வருமான வரி வரம்புகள் 1985-லிருந்து விலைவாசிக்குத் தக்கபடி ஆண்டுதோறும் தானாகவே ஏறுகின்றன. யாரும் ஊர்வலம் போக வேண்டியதில்லை. அப்பன் சொத்து வரியில்லாமல் பிள்ளைக்குப் போகிற உச்சவரம்பும் அப்படியே. கோடீஸ்வரரின் வாரிசு ஒருபோதும் தரையில் மோதிவிடாதபடி சைப்ரஸ் கட்டி வைத்திருக்கிறார்கள். மத்தியக் கூலிக்கு மட்டும் அது கிடையாது. பாத்திரம் கழுவுகிறவர் விழுந்துகொண்டே செனட்டுக்கு மனுப் போட வேண்டும். 2021 மார்ச்சில் போட்டார்கள். 15 டாலர் கூலிக்கு ஆதரவாக 42 வாக்கு, எதிர்ப்பாக 58. வாஷிங்டன் மாநிலத்து மக்கள் 1998-இலேயே வாக்குப் போட்டு, கூலியை விலைவாசியோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அங்கே இன்றும் சாண்ட்விச் கிடைக்கிறது.

இவர் குதித்து முடித்துத் தரைக்கு வந்தபின் நடப்பதையும் பார்க்க வேண்டும். கசங்கிய பாராசூட்டைக் கொட்டகைத் தரையில் விரித்து, மண்டியிட்டு, கயிறு கயிறாகப் பிரித்து, மடித்து, காற்றைப் பிதுக்கி, பைக்குள் திணிக்க ஒரு ஆள் வேண்டும். அடுத்த விமானம் கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும். பல தளங்களில் மடிப்புக்கு இவ்வளவு என்றுதான் கூலி. மழை பெய்தால், மேகம் மூடினால் கூலி இல்லை. ஊழியரும் இல்லை, 'சுயேச்சை ஒப்பந்தக்காரர்'. ஆகவே குறைந்தபட்சக் கூலி என்ற பேச்சுக்கே இடமில்லை. மேலே போகிறவரின் உயிர் கீழே மண்டியிட்டிருப்பவரின் விரல்களில் இருக்கிறது. அந்த விரல்களுக்கு மணிக்கணக்கு உண்டா என்று கேட்டால், நம் சாகசக்காரர் வானிலை பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

சரி, 'சிறுதொழில்' என்கிறார்களே, எவ்வளவு சிறுசு? முக்குக்கடைத் தாத்தாவும் பாட்டியும் என்று நினைத்துக் கண்ணீர் விட வேண்டாம். ஆண்டு விற்பனை 5 லட்சம் டாலரை எட்டாத கடைகளை மத்தியச் சட்டம் ஏற்கெனவே பாதி விட்டுவைத்திருக்கிறது. மாநிலம் தாண்டிய வணிகத்தில் கை படுகிற தொழிலாளிக்குத்தான் அங்கே அது பொருந்தும். 2014-இல் சியாட்டில் நகரம் 15 டாலர் சட்டம் போட்டபோது 500 பேர் வரை வேலை செய்கிற நிறுவனத்தைச் சிறுசு என்று ஒப்புக்கொண்டு, அதிகப்படி வருடங்களும் கொடுத்தது. 500 பேர்! நம் ஊரில் அத்தனை பேருக்குச் சம்பளம் போடுகிறவரைச் சிறுதொழிலதிபர் என்று சொன்னால் மானநஷ்ட வழக்குப் போடுவார். உலகமெல்லாம் ஒரே பெயர்ப்பலகை மாட்டிய துரித உணவுக் கிளைகளைப் பெரிய நிறுவனமாகத்தான் கணக்கிடுவோம் என்று நகரம் சொன்னதும், கிளை உரிமைக்காரர்களின் சர்வதேசச் சங்கம், ஐயோ நாங்களும் சின்னவர்கள்தான் என்று கோர்ட்டுக்கு ஓடியது. உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

இந்தச் சின்னத்தனத்தின் உச்சம் 2020 ஏப்ரலில் வந்தது. கொரோனாவில் தத்தளிக்கிற சிறுதொழில்களுக்கென்று அரசு கடன் திட்டம் அறிவித்தது. வரிசையில் கைநீட்டி வாங்கியவர்களில் லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியும் ஒருவர். 46 லட்சம் டாலர். ஷேக் ஷாக் என்ற பர்கர் சங்கிலி, 1 கோடி டாலர். ஊர் காறித் துப்பிய பிறகு இரண்டும் திருப்பிக் கொடுத்தன. துப்பாதிருந்தால்?

உண்மையாகவே சின்னவரும் இருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு ரொட்டிக்கு மாவு பிசைந்து, இரவு தானே தரை துடைத்துப் பூட்டுகிறவர். கூலி ஏறினால் அவருக்கு வலிக்கும், பொய் இல்லை. சியாட்டில் கூலி 13 டாலரைத் தொட்டபோது முதலாளிகள் வேலை நேரத்தைக் குறைத்தார்கள், கடைநிலை ஊழியருக்கு மாதம் சராசரி 125 டாலர் நஷ்டம் என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு 2017-இல் சொன்னது. அந்த ஒற்றைத் தாளைக் கூலி உயர்வை எதிர்ப்பவர்கள் சட்டகம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். அதே குழு அடுத்த வருடம், அனுபவமுள்ள ஊழியர்களின் வருமானம் கூடியிருக்கிறது என்று எழுதிய தாளுக்கு மட்டும் ஆணி கிடைக்கவில்லை. காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் 2021-இல் போட்ட கணக்கும் அப்படியே ஆயிற்று. 15 டாலரால் 14 லட்சம் வேலை போகும் என்ற வரி ஒலிபெருக்கியில். அதே அறிக்கையில் 9 லட்சம் பேர் வறுமையிலிருந்து மீள்வார்கள் என்ற வரி தொண்டைக்குள்.

எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். அந்த ரொட்டிக்கடைக்காரரின் கட்டட வாடகை ஏறினால் அதற்குப் பெயர் சந்தை. கார்டு தேய்க்கும்போதெல்லாம் வங்கி நூற்றுக்கு இரண்டோ மூன்றோ உருவினால் அது வசதிக் கட்டணம். வீட்டுக்கு உணவு கொண்டுபோகிற செயலிகள் 30 சதவீதம் வரை விழுங்கினால் அது புதுமை. கொரோனா காலத்தில் சில நகரங்கள் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றபோது, செயலிக் கம்பெனிகள் அந்த நகரங்கள் மீதே வழக்குப் போட்டன. சிறுதொழில் நலனுக்காகத் தூக்கம் கெடுகிற தலைவர்கள் அன்று நன்றாகத் தூங்கினார்கள். 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டை சராசரி 6.23 டாலருக்கு ஏறியது. கோழிகள் சிறுதொழிலை ஒழித்துக்கட்டுகின்றன என்று எவரும் செனட்டில் கொதிக்கவில்லை. கோழியைவிடக் கீழே ஒரு ஜீவன் இருக்கிறது என்பதுதான் காரணம். அதன் விலை ஏறினால் மட்டும் நாகரிகம் சாயும்.

பொருளாதார மேதைகளும் இந்தப் பஜனையில் தாளம் போட்டவர்கள்தான். 1992-இல் நியூ ஜெர்சி கூலியை 4.25-லிருந்து 5.05-க்கு ஏற்றியது. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் இருவரும் அங்கேயும் பக்கத்து பென்சில்வேனியாவிலுமாக 410 துரித உணவுக் கடைகளை விசாரித்து, வேலைவாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்று 1994-இல் எழுதினார்கள். எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள், அவ்வளவே குற்றம். ஜேம்ஸ் புக்கானன், நோபல் வாங்கியவர், 1996-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் கொதித்தார்: தண்ணீர் மேட்டுக்கு ஏறும் என்று எந்த இயற்பியலாளராவது சொல்வாரா என்று கேட்டு, பொருளியலாளர்கள் இன்னும் பட்டாளத்தின் பின்னால் திரிகிற வேசிகளாகிவிடவில்லை என்றும் எழுதினார். பாத்திரம் கழுவுகிறவருக்கு எண்பது சென்ட் கூடியதற்கு ஒரு நோபல் வாயிலிருந்து வந்த வசவு இது. கார்டுக்கும் 2021-இல் நோபல் கிடைத்தது. குரூகர் அதற்குள் இறந்துவிட்டார்.

கொடுக்காத கூலிக்கும் யாரோ பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அரசின் உணவு உதவி வாங்குகிற உழைப்பாளிகள் எங்கெங்கே வேலை செய்கிறார்கள் என்று அரசுக் கணக்காய்வு அலுவலகம் 2020-இல் சில மாநிலங்களில் தோண்டிப் பார்த்தது. பட்டியலின் மேலே வால்மார்ட்டும் மெக்டொனால்ட்ஸும். சம்பளத்தின் மீதியை ஊரார் வரிப்பணத்தில் வாங்கிக்கொள் என்று தொழிலாளியை அனுப்பிவிட்டு, அரசு தலையிடக் கூடாது என்று அறிக்கை விட முடிகிறவர்களுக்கு உண்மையிலேயே பாராசூட் தேவையில்லை.

கடைசியாக, தேசிய உணவகச் சங்கம். கூலி உயர்வு எங்கே தலைகாட்டினாலும் அங்கே முதலில் போய் நின்று மறிக்கிற சங்கம் இது. சமையலறையில் கை வைக்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தாக வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டம் உண்டு. அதில் பெரும்பாலோர் சேருவது சர்வ்சேஃப் என்ற பயிற்சியில். கட்டணம் 15 டாலர் அளவில், பலர் சொந்தக் காசில் கட்டுகிறார்கள். அந்தப் பயிற்சியை நடத்துவது அதே சங்கம். அந்த வருமானம்தான் கூலியை ஏறவிடாமல் பிடித்துவைக்கிற வேலைக்கும் தீனி என்று 2023-இல் நியூயார்க் டைம்ஸ் போட்டு உடைத்தது. கலிஃபோர்னியா விழித்துக்கொண்டு, இனி அந்தச் செலவு முதலாளியுடையது என்று சட்டம் போட்டது. மற்றபடி, தன் கூலி ஏறாமல் பார்த்துக்கொள்ளத் தானே ஆள் வைத்து, அந்த ஆளுக்கு மணிக்கு 7.25-இலிருந்து எடுத்துச் சம்பளமும் கொடுக்கிற ஒரே முதலாளி இந்தப் பாத்திரம் கழுவுகிறவர்தான். இவர் ஒரு நாள் அந்த லாபிக்காரரைக் கூப்பிட்டு, "தம்பி, தொழில் நலிந்துவிட்டது, உனக்கும் இனிமேல் 7.25தான்" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை அந்த ஆள் கோட்டு சூட்டோடு தொழிற்சங்கம் தொடங்கியிருப்பார்.