கார்த்திகையில் தொடங்க வேண்டிய பயிற்சி

அமெரிக்காவின் புறநகர்களில் மே மாதம் வந்துவிட்டால், எட்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. சாக்கர் கிளப்புகள் அடுத்த பருவத்துக்கு ஆள் எடுக்கும் ட்ரைஅவுட் நாள்கள் நெருங்குகின்றன. கராஜில் கார் நின்ற இடத்தில் கோன்கள் நிற்கின்றன. புல்வெளியில் நைலான் ஏணி விரிந்து கிடக்கிறது. பிள்ளை அதன் கட்டங்களுக்குள் கால்மாற்றித் துள்ள, அப்பா கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிடுகிறார். பந்தைக் கீழே விடாமல் எத்தனை தடவை தட்டினான் என்ற கணக்கு ஃபிரிட்ஜ் கதவில் ஏறுகிறது. வசதியுள்ளவர்கள் மணிக்கு இத்தனை டாலர் என்று தனிக் கோச் வைக்கிறார்கள். மற்றவர்களுக்கு யூட்யூப் இருக்கிறது. இந்த ஏற்பாடுகளில் எதையும் நான் குறைசொல்ல வரவில்லை. காலம் கடந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்கிறேன். கிடைக்கிற ஆதாரங்களை வைத்துப் பார்த்தால், எட்டு வயதுப் பிள்ளையின் ட்ரைஅவுட்டுக்கு உருப்படியாக ஆயத்தம் செய்ய நினைக்கும் பெற்றோர் அதைப் பிள்ளை பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

ஜோசியம் போலத் தோன்றும். கிட்டத்தட்ட ஜோசியம்தான், ஒரே வித்தியாசம், கணக்கு சரியாக வருகிறது. கனடாவில் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவர் மனைவி பவுலாவும் ஐஸ் ஹாக்கி பார்க்கப் போயிருந்தபோது, ஆட்டக்காரர்களின் பிறந்தநாள்கள் அச்சாகியிருந்த கையேடு பவுலாவின் கண்ணில் பட்டது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே தேதிகள் வரிசைகட்டி நின்றன. அதைத் தொடர்ந்து 1985-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, பொறுக்கியெடுத்த அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதத்தார் குவிந்திருப்பதையும் கடைசி மூன்று மாதத்தார் அருகியிருப்பதையும் காட்டியது. அங்கே ஹாக்கி வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. மகர ராசிக்கு விளையாட்டில் உச்சம் என்று யாராவது எழுதிவிடுமுன் பெல்ஜியம் ஒரு காரியம் செய்தது. அந்நாட்டுக் கால்பந்தில் ஆகஸ்ட் 1-ஆக இருந்த வயதுக்கோட்டை 1997-இல் ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வெர்னர் ஹெல்சனும் அவருடைய சகாக்களும் இளையோர் அணிகளை எண்ணிப் பார்த்தார்கள். அதுவரை ஆகஸ்ட், செப்டம்பர் பிள்ளைகளிடம் இருந்த யோகம் ஜனவரி, பிப்ரவரிப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. கிரகங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. சங்கத்தின் பஞ்சாங்கம்தான் மாறியது.

காரணத்தில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் 1-இல் பிறந்தவனும் மறு ஆண்டு ஜூலை 31-இல் பிறந்தவனும் ஒரே பிரிவில், ஒரே கோட்டில் நிற்கிறார்கள். நாற்பது வயதில் ஓராண்டு மூப்பு என்பது கொஞ்சம் கூடுதல் நரை. எட்டு வயதில் அது வாழ்ந்த வாழ்க்கையில் எட்டில் ஒரு பங்கு. மூத்தவனுக்கு உயரம் இருக்கிறது, வேகம் இருக்கிறது, கோச் பேசி முடிக்கும்வரை காதுகொடுக்கும் பக்குவமும் இருக்கிறது. இளையவன் அந்நேரம் தும்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூத்தவன் முதல் அணிக்குப் போகிறான். அங்கே நல்ல கோச், கூடுதல் ஆட்டங்கள், மல்லுக்கட்டும் எதிரணிகள். அடுத்த மே மாதம் அவன் நிஜமாகவே மேலான ஆட்டக்காரனாக வந்து நிற்கிறான். போன வருடம் நாம் சரியாகத்தான் எடுத்தோம் என்று கிளப்புக்கும் ஒரு திருப்தி.

அமெரிக்கா இந்தத் தேதியை வைத்து ஆடிய ஆட்டம் தனிக்கதை. முன்பு ஆகஸ்ட் 1 வழக்கத்தில் இருந்தது. 2017-க்குள் எல்லோரும் ஜனவரி 1-க்கு மாற வேண்டும் என்று தேசியச் சம்மேளனமான யு.எஸ். சாக்கர் 2015-இல் அறிவித்தது. பிறகு யு.எஸ். யூத் சாக்கர், யு.எஸ். கிளப் சாக்கர், ஏ.ஒய்.எஸ்.ஓ. ஆகிய மூன்று பெரிய அமைப்புகளும் 2026–27 பருவம் முதல் ஆகஸ்ட் 1-க்கே திரும்புவதாக முடிவெடுத்தன. ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் ஒரே அணியில் ஆடட்டும் என்ற நியாயமான காரணத்துக்காகத்தான். ஆனால் விளைவைப் பாருங்கள்: கூட்டத்திலேயே மூத்தவனாக உலவிய ஜனவரிப் பிள்ளை ஒரு சுற்றறிக்கையில் நடுவாந்தரம் ஆகிறான், பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த ஆகஸ்ட் பிள்ளை பெரியண்ணன் ஆகிறான். இருவரும் ஒரு நாள்கூடக் கூடுதலாகப் பயிற்சி செய்யவில்லை. புதுமணத் தம்பதியை ஆடியில் பிரித்துவைத்து, சித்திரையில் பிள்ளை பிறக்காமல் பார்த்துக்கொள்ளும் நம் வழக்கம் அமெரிக்க சாக்கருக்கும் பொருந்திவருவதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆகஸ்ட் கணக்கில் சித்திரைப் பிள்ளை கடைக்குட்டிகளில் ஒருவன். உகந்த மாதம் கார்த்திகை. ஐப்பசி அடைமழையில் அவசரப்பட்டால் பிள்ளை நாலு நாள் முந்திக்கொண்டு ஜூலைக் கடைசியில் பிறந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

கோச்சுகள் என்ன கண் இல்லாதவர்களா, பெரியவன் யார் சின்னவன் யார் என்று தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். தெரிந்தும் பயனில்லை. நெதர்லாந்தில் டேவிட் மேனும் அவருடைய சகாவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஆள் தேடுவதையே தொழிலாகக் கொண்ட ஸ்கவுட்டுகளை உட்காரவைத்து, இளம் ஆட்டக்காரர்களை மதிப்பிடச் சொன்னார்கள். வயதைச் சொல்லாதபோது அவர்கள் மூத்தவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். சரி என்று பிறந்த தேதிகளைக் கையில் கொடுத்தார்கள், அப்போதும் சாய்ந்தார்கள். வயது வரிசையிலேயே சட்டை எண்ணைக் கொடுத்து, அதைச் சொல்லியும் வைத்தபோதுதான் சாய்வு போனது. அமெரிக்க ட்ரைஅவுட்டிலும் பிள்ளைகளுக்கு எண் கொடுக்கத்தான் செய்கிறார்கள். மேசையில் வந்து பெயர் கொடுத்த வரிசைப்படி. 147 என்ற எண்ணிலிருந்து கோச் தெரிந்துகொள்ளக் கூடியதெல்லாம், அந்த வீட்டில் ஷின் கார்டில் ஒன்று கிளம்பும் நேரத்தில் காணாமல் போனது என்பதுதான். அதே எண்களைப் பிறந்தநாள் வரிசையில் கொடுக்க ஒரு சென்ட் செலவில்லை. செய்யும் கிளப் இருந்தால் அதன் வாசலில் தேங்காய் உடைக்கலாம்.

அப்படியானால் பயிற்சி வீணா? இந்த ஆட்சேபணையில் வலு இருக்கிறது. பந்தோடு பழகிய கால் தனியாகத் தெரியும். உயரமான பிள்ளை கூட்டத்துக்குள்ளும் அது தெரியும். ஆனால் அது வருடக்கணக்கில் ஊறுவது, மே மாத இரண்டு வாரத்தில் ஊற்றி நிரப்புவதல்ல. ஏணியில் துள்ளப் பழகிய பிள்ளை ஏணியில் துள்ளுவதில் தேறுகிறான். மைதானத்தில் ஏணி கிடையாது. தனியாக நின்று ஐம்பது முறை பந்தைத் தட்டத் தெரிந்தவன், ஒருத்தன் குறுக்கே வந்து நின்றால் என்ன செய்வான் என்பது வேறு பாடம். அதைக் கற்க இன்னும் நாலைந்து பிள்ளைகளும் ஒரு பந்தும் போதும். அந்தப் பிள்ளைகளுக்கும் அதே மாலையில் தனிக் கோச் வந்துவிடுவதுதான் சிக்கல். தலையால் முட்டக் கற்றுக்கொடுக்கும் அப்பாக்களை என்ன சொல்வது? பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று யு.எஸ். சாக்கர் 2015-இலேயே அறிவித்துவிட்டது. வீட்டில் உதைக்கிற ஐந்தாம் எண் பந்தும் அந்த வயதுக்கு உரியதல்ல. ட்ரைஅவுட்டில் நான்காம் எண்தான் உருளும். ஒன்பது, பத்து வயதில் ஆட்டம் ஏழுக்கு ஏழு. கோல்கீப்பர் பந்தை அந்தரத்தில் உதைத்தனுப்ப முடியாது. அவர் பந்தை விடும்வரை எதிரணி, ஆடுகளத்தின் குறுக்கே போட்ட பில்ட்அவுட் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டம் வேறு, பிள்ளை ஆடப்போகும் ஆட்டம் வேறு. இரண்டு வாரத்தில் உருப்படியாகச் செய்யக்கூடியது இந்த விதிகளை ஒருமுறை வாசிப்பதும், புது க்ளீட்ஸை அன்றைக்கே முதன்முதலாக மாட்டிக் குதிகால் கொப்புளிக்காமல் பார்த்துக்கொள்வதும், முந்தின இரவு பிள்ளையைத் தூங்கவிடுவதும்தான். கடைசியாகச் சொன்னது சுலபமில்லை. அப்பாவும் தூங்க வேண்டும்.

ஹாரி கேன் கதை தெரியுமா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். தெரியும். அர்செனல் அவரைச் சிறுவயதிலேயே வேண்டாம் என்று அனுப்பியது. பின்னாளில் இங்கிலாந்து அணிக்காக எவரையும்விட அதிகக் கோல்கள் அடித்தார். பிள்ளை தேர்வாகாத வீடுகளில் இந்தக் கதை மருந்துபோலப் பயன்படுகிறது. அதில் யாரும் சொல்லாத விவரம், அவர் பிறந்தது 1993 ஜூலை 28. இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. ஆக, கேன் தன் வயதுப் பிரிவின் கடைக்குட்டிகளில் ஒருவர். கோடையில் பிறந்த பிள்ளைகளுக்கு நேர்வதுதான் அவருக்கும் நேர்ந்தது, அவர் அதைத் தாண்டினார். இது என் வாதத்துக்கு எதிரான சாட்சியா, ஆதரவான சாட்சியா? தாண்டி வந்தவரின் பெயரை உலகமே சொல்கிறது. அதே மைதானத்திலிருந்து அதே மாதிரி அனுப்பப்பட்டு, அதோடு பந்தைத் தொடாமல் விட்ட ஜூலைப் பிள்ளைகளின் பெயர் யாருக்குத் தெரியும்?

இன்னொரு ஆட்சேபணை கனமானது. இந்த ட்ரைஅவுட் முறையில் வளர்ந்த அமெரிக்கப் பெண்கள்தானே 1991, 1999, 2015, 2019 என நான்கு உலகக் கோப்பைகளைக் கொண்டுவந்தார்கள்? உண்மை. ஆனால் பெண்களுக்குக் கல்லூரி விளையாட்டின் கதவைத் திறந்தது 1972-இல் வந்த டைட்டில் ஒன்பது சட்டம். அதற்கு ஓரிரு ஆண்டு முன்புவரை இங்கிலாந்து தன் கால்பந்துச் சங்க மைதானங்களில் பெண்கள் ஆடுவதையே ஐம்பது ஆண்டாகத் தடுத்து வைத்திருந்தது. மற்றவர்கள் கதவைச் சாத்திவைத்திருந்த காலத்தில் கிடைத்த முன்னிலையை எட்டு வயதுத் தேர்வின் கணக்கில் எழுதுவது கொஞ்சம் தாராளம். அதே முறையில் வளர்ந்த ஆண்கள், ஏற்கெனவே போட்டியைவிட்டு வெளியேறிவிட்ட டிரினிடாட் டொபாகோவிடம் 2017 அக்டோபரில் 2–1 என்று தோற்று, அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். நார்வே இன்னொரு வழியில் போகிறது. பிள்ளைகளின் விளையாட்டுக்கு 1987-இலேயே விதி எழுதிய நாடு அது. பதினோரு வயது ஆகும் ஆண்டுவரை புள்ளிப்பட்டியலும் தரவரிசையும் அங்கே கிடையாது. நார்வேயில் வயதுக்கணக்கு ஜனவரியில் தொடங்கியும், அந்நாட்டின் கோல் நட்சத்திரம் எர்லிங் ஹாலண்ட் பிறந்தது ஜூலை மாதம். ப்ரீனே என்ற சிற்றூரில், சிறுவயதிலேயே கழித்துக்கட்டாமல் சேர்த்தே பயிற்சி கொடுத்த கூட்டத்தில்தான் அவர் வளர்ந்தார். நார்வே பணக்கார நாடு, மக்கள்தொகை வெறும் 55 லட்சம், அதை நாம் பின்பற்ற முடியுமா என்பார்கள். ஆள் குறைவாக உள்ள நாடு ஒரு பிள்ளையையும் விரட்டாமல் வைத்துக்கொள்கிறது, ஆள் மிகுந்த நாடு எட்டு வயதில் சலிக்கிறது என்பது சரியான விளக்கமாகவே இருக்கலாம். ஆனால் சல்லடை எதைத் தேக்குகிறது என்று பார்த்தால், மீண்டும் பிறந்த மாதம்தான்.

கல்லூரி ஸ்காலர்ஷிப் கனவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எண் மட்டும் சொல்லிவைக்கிறேன். 2025-இல் விதி மாறும்வரை, முதல்நிலைக் கல்லூரி ஆண்கள் அணி ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட முழு ஸ்காலர்ஷிப்புகள் 9.9. அதை ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட அணிக்குப் பங்கிட்டார்கள். ஆளுக்கு எவ்வளவு என்பதைக் கிளப்புக்குப் பத்தாண்டு கட்டிய தொகையோடு ஒப்பிடும் கணக்கை அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்க்கலாம்.

முடிவு மின்னஞ்சலில் வருகிறது. முதல் அணி, இரண்டாம் அணி என்று யாரும் சொல்வதில்லை; ரெட், ஒயிட், பிளாக் என்று நிறங்களில் சொல்வார்கள். எந்த நிறம் எத்தனையாவது என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஓரிரு நாளுக்குள் முன்பணம் கட்ட வேண்டும். அது பெரும்பாலும் திரும்பி வராது. கடைசி நிறத்துக்கும் கட்டணம் முதல் நிறத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கிளப்பை நிதானமாகச் சோதிக்க வேண்டிய நேரம் இதுதான், அதற்குத்தான் யாரும் ஆயத்தம் செய்து வருவதில்லை. கடைசி அணிக்கு யார் கோச்? போன வருடம் அந்த அணியில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள்? எத்தனை பேர் மேல் அணிக்குப் போனார்கள்? முதல் அணியில் மே, ஜூன், ஜூலைப் பிள்ளைகள் எத்தனை பேர்? பதில் மழுப்பலாக இருந்தால் ஏ.ஒய்.எஸ்.ஓ. இருக்கிறது. 1964-இல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸில் தொடங்கிய அமைப்பு. வருகிற எல்லோரும் ஆடலாம், ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது பாதி ஆட்டம் உண்டு என்பது அதன் விதி. ஒரே தொந்தரவு, எல்லாம் தன்னார்வலர்களை வைத்து நடக்கிறது. கோச்சுக்கு ஆள் போதாமல் ஓரமாக நிற்கும் அப்பாவைப் பிடித்துக் கையில் விசிலைக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தேர்வில் எந்த மாதம் பிறந்தவர் என்று கேட்பதில்லை.