தொப்பிக்கு ஒரு மைக்

புனே கேம்பில், ஈஸ்ட் ஸ்ட்ரீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சின்ன ஹால். நூற்றைம்பது நாற்காலி போட்டால் கதவைத் திறக்க முடியாது. வருஷத்தில் நாலைந்து நாள் அங்கே தமிழ் கேட்கும்: பொங்கல் விழா, தியாகராஜ ஆராதனை, நவராத்திரி, ஊரிலிருந்து யாராவது வந்து மாட்டிக்கொண்டால் ஒரு பட்டிமன்றம். இவற்றையெல்லாம் நடத்தும் சங்கத்தின் பொருளாளரைப் பற்றியது இந்தக் கட்டுரை. அவர் யாரென்று வாசகர் துருவ வேண்டாம். அசடு வழிந்த கதையைச் சொல்லும்போது ‘நான்’ என்பதைவிட ‘அவர்’ சௌகரியமாக இருக்கிறது.

பாதுகாப்புக் கணக்குத் துறையில் முப்பத்தைந்து வருஷம் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர் பொருளாளர். கூட்டல் இடித்தால் அவருக்குச் சோறு இறங்காது.

சங்கத்திடம் அதுவரை இருந்தது ஒரு பழைய அஹுஜா ஆம்ப்ளிஃபயர். 1940-ல் தொடங்கிய டெல்லிக் கம்பெனி. கோயில் கொடை முதல் தேர்தல் கூட்டம் வரை தமிழர் காது பழகிய பெயர். நாலு மைக் செருகலாம், நாலு குமிழைத் திருகலாம். பேச்சுக்கு அது போதும். கச்சேரிக்குப் போதாது. பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு, கடத்துக்கு ஒன்று, தம்பூராப் பெட்டிக்கு ஒன்று, அறிவிப்பாளருக்கு ஒன்று. ஆக ஏழு. அதனால் அந்த வருஷ ஆராதனைக்கு ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் போர்டு ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். அதோடு ஒரு தம்பியும் வந்தான்.

தம்பி கேம்பிலேயே பிறந்தவன். தாத்தா காலத்தில் ராணுவ வேலையோடு வந்து தங்கிவிட்ட குடும்பம். தமிழ் சரளமாகப் பேசுவான். நடுநடுவே இந்தியும் மராத்தியும் எட்டிப் பார்க்கும். படிக்க மட்டும் வராது. ஆகவே பொருளாளர் வெள்ளை டேப்பைக் கிழித்து, ஃபேடர் எனப்படும் ஒவ்வொரு இழுகுமிழுக்கும் கீழே ஆங்கில எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினார். வோகல், வயலின், வலந்தலை, நாலாவதாகத் தொப்பி. மிருதங்கத்தின் வலப்பக்கத்துக்கு வலந்தலை என்றும் கனத்த இடப்பக்கத்துக்குத் தொப்பி என்றும் பெயர். கச்சேரிக்கு முன்னால் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். அடிவயிற்றில் இறங்கும் அந்தத் ‘தொம்’ அங்கிருந்துதான் வருகிறது.

தொப்பியை ஆங்கில எழுத்தில் எழுதினால் தம்பியின் கண்ணுக்கு அது ‘டோபி’. இந்தியிலும் மராத்தியிலும் டோபி என்றால் தலையில் போடுவது. அன்றைய சிறப்பு விருந்தினரோ காந்தித் தொப்பி போட்ட ஒரு மராத்திப் பெரியவர்.

வித்வான்கள் காபிக்கு எழுந்து போனார்கள். பெரியவர் அறிவிப்பாளர் மைக்கின் முன்னால் வந்து நின்றார். தம்பி கடமையே கண்ணாக ‘டோபி’ ஃபேடரை மேலே தள்ளினான், மற்றதையெல்லாம் கீழே இறக்கினான். பெரியவர் பேசுகிறார், உதடு அசைகிறது, சத்தமில்லை. மேடையில் தனியாகக் கிடந்த மிருதங்கத்தின் பக்கத்தில் யாரோ பெற்ற குழந்தை ஒன்று நின்றிருந்தது. அது ஒரு தட்டுத் தட்டியது. ‘தொம்ம்’ என்றது ஹால். பெரியவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். தொடர்ந்து இன்னொரு வாக்கியம் பேசினார். இன்னொரு ‘தொம்ம்’. வாக்கியத்துக்கு ஒரு அடி என்று காலட்சேபம் மாதிரி ஆகிவிட்டது.

சத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று தம்பி ஃபேடரை இன்னும் ஏற்றினான். ஸ்பீக்கரில் வந்தது மறுபடி மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்குப் போய், ‘ஊஊ’ என்று ஒரு ஓலம் கிளம்பியது. டென்மார்க் இயற்பியலாளர் லார்சனின் பெயரால் இதை லார்சன் விளைவு என்பார்கள். அன்று ஹாலில் வேறு பல பெயர்கள் கேட்டன.

“சொந்த போர்டு இருந்திருந்தா இப்படி ஆகுமா?” என்றார் செயலாளர். போர்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை, குற்றமெல்லாம் டேப்பில் என்று பொருளாளருக்குத் தெரியும். டேப்பை எழுதியது யார் என்ற கேள்வி வருமுன் அவர் சொந்த போர்டு வாங்கும் தீர்மானத்தை வழிமொழிந்துவிட்டார்.

தம்பியையும் அழைத்துக்கொண்டு தப்கீர் கல்லிக்குப் போனார்கள். புத்வார் பேட்டையில் மின்சாமான் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் சந்து அது. சென்னை ரிச்சி தெருவுக்கு மராத்தி பேசும் உடன்பிறப்பு. கடைக்காரர் எடுத்துக் காட்டியது யமஹா எம்ஜி12எக்ஸ்யூ. பன்னிரண்டு சேனல். பொருளாளர் மைக் குத்தும் துளைகளை விரல்விட்டு எண்ணினார். ஆறு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார். ஆறுதான்.

“மீதி ஆறு எங்கே?”

கம்பெனி எதையும் மறைக்கவில்லை. அதிகபட்சம் ஆறு மைக், பன்னிரண்டு லைன் என்று விவரத்தாளிலேயே இருக்கிறது. கீபோர்டு, லேப்டாப் போன்றவை ஸ்டீரியோவாக வரும். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு சேனலாக அவற்றை எண்ணுவது இந்தத் தொழிலின் வழக்கம். அதே வரிசையில் பத்து சேனல் போர்டு நாலு மைக் ஏற்கும், பதினாறு சேனல் போர்டு பத்து ஏற்கும். ஒரு வங்கிக் கணக்கில் கணவன் பெயரும் மனைவி பெயரும் இருந்தால் அதை இரண்டு கணக்கு என்று எழுதலாமா என்று பொருளாளர் கேட்டார். கடைக்காரர் டீ வரவழைத்தார்.

டிஜிட்டல் பக்கம் போனாலும் கணக்கு உதைத்தது. சவுண்ட்கிராஃப்ட் யுஐ16-ல் பதினாறு, மைக் பன்னிரண்டுதான். மீதி நாலில் இரண்டு, பென்டிரைவிலிருந்து வரும் பாட்டுக்கு. பெரிங்கர் எக்ஸ்ஆர்18 ஒன்றுதான் தணிக்கையில் கிட்டத்தட்டத் தேறியது: பதினெட்டில் பதினாறு மைக். ஆனால் பெட்டியின் மேல் ஃபேடர் என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் டேப்லெட்டில். ஆராதனைக்கு வைத்த அளவுகளை அப்படியே சேமித்து, அடுத்த வருஷம் ஒரு தொடுதலில் திரும்ப அழைக்கலாம். செயலாளர் மயங்கிப்போனார்.

கடைக்காரர் வாயைக் கொடுத்தது அங்கேதான். “ஒரே நேரத்துல பல ஃபோன்லேர்ந்து கன்ட்ரோல் பண்ணலாம், ஸார்.” செயற்குழுவில் பதினொரு பேர். பதினொரு பேருக்கும் சங்கீதம் தெரியும் என்பது அவரவர் துணிபு. ஆளுக்கு ஒரு ஃபோனில் ஆளுக்கு ஒரு ஃபேடரை இழுக்கும் காட்சி பொருளாளர் கண் முன்னால் ஓடியது. அவர் டேப்லெட்டைக் கண்ணியமாக மேஜையில் வைத்தார். நூற்றைம்பது பேர் சட்டைப்பையில் ஃபோனோடு உட்காரும் இடத்தில் வைஃபை திணறும், தனி ரவுட்டர் வாங்க வேண்டும் என்பதும் உண்மைதான்; குறிப்பேட்டில் அந்தக் காரணத்தைத்தான் எழுதினார்.

மைக் எண்ணிக்கை முடிந்ததும் தம்பி மெதுவாகக் கேட்டான். “அங்கிள், ஆக்ஸ் எத்தனை?”

சின்ன மேடையில் வெட்டுக் குத்து நடப்பது இந்த ஆக்ஸால்தான். எதிரே உட்காருபவர் கேட்பது ஒரு கலவை. மேடையில் இருப்பவர் தன் முன்னாலிருக்கும் மானிட்டரில் கேட்க விரும்புவது வேறு கலவை. அதைத் தனியாகப் பிரித்து அனுப்பும் வழிதான் ஆக்ஸ். பாடகிக்குத் தம்பூரா போதும். வயலின்காரருக்குப் பாடகி வேண்டும். மிருதங்க வித்வானுக்கு எல்லாரும் வேண்டும், தம்பூரா மட்டும் கூடாது. ஆக்ஸ் ஒன்றுதான் என்றால் மூவருக்கும் ஒரே கலவை. பத்தியக்காரருக்கும் பந்திக்காரருக்கும் ஒரே குழம்பை ஊற்றுவது போல. அந்த ஆக்ஸும் ஃபேடருக்கு முன்னால் பிரிவதாக இருக்க வேண்டும். மதகுக்கு மேலே வெட்டிய வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகை இறக்கினாலும் அதில் தண்ணீர் ஓடும். கீழே வெட்டியிருந்தால், ஹாலுக்காக வயலினைக் கொஞ்சம் குறைத்தவுடன் மேடையிலும் குறையும். வயலின்காரர் வில்லை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்ப்பார். சில சின்ன போர்டுகளில் இருக்கிற ஒரே ஆக்ஸை எக்கோவுக்கும் சேர்த்தே ஒதுக்கியிருப்பார்கள். இத்தனையும் தம்பி சொன்னது. பொருளாளர் முதல் முறையாக அவனுக்கும் டீ சொன்னார்.

கடைசியில் வாங்கியது பத்து மைக்கும் நாலு ஆக்ஸும் உள்ள ஒரு அனலாக் போர்டு. கம்பெனிப் பெயர் வேண்டாம். ஒவ்வொரு குமிழும் கண்ணுக்குத் தெரிகிறது, ஒரு நேரத்தில் ஒருவர்தான் கை வைக்க முடிகிறது. குமிழ் மட்டுமே உள்ளதை விட்டு நீள ஃபேடர் உள்ளதை எடுத்ததற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த ஹாலின் ஜன்னல்களை மூடினால் நூற்றைம்பது பேரும் வெந்துவிடுவார்கள். ஒன்பது ஐம்பத்தைந்துக்குத் துக்கடா ஓடிக்கொண்டிருந்தாலும் மெயின் ஃபேடரை ஒரே இழுப்பில் இறக்கத் தோதாக இருக்க வேண்டும்.

போர்டு வாங்கிய கையோடு தீர்ந்துவிட்டதா என்றால், ஒயர், ஸ்டாண்ட், தம்பூராப் பெட்டி இரையாமல் இருக்க ஒரு டிஐ பாக்ஸ் என்று மூன்று பில் தனியாக வந்தது. அதைப் பேசினால் பொருளாளருக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

நவராத்திரிக்குப் புது போர்டு அரங்கேறியது. பட்ட அனுபவத்தில் பொருளாளர் இம்முறை ‘தொப்பி’ என்று எழுதவில்லை. எவருக்கும் புரியும்படி ‘மிருதங்கம் ரைட்’, ‘மிருதங்கம் லெஃப்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி, கயானி பேக்கரியில் வரிசையில் நின்று வாங்கி வந்த ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டில் ஒன்றைத் தம்பிக்கும் கொடுத்தார்.

ஆறரை மணிக்கு மிருதங்கக்காரர் வந்தார். உறையைப் பிரித்து, வாத்தியத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது கைக்காரர். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கையால் வாசித்தே மேதையானவர் என்பதைப் பொருளாளர் பல மேடைகளில் முழங்கியிருக்கிறார். ஆனால் இடது கைக்காரருக்கு வலந்தலை இடப்பக்கம் வரும், லெஃப்ட் ரைட்டாகும் என்பது டேப் எழுதும்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

தம்பி மேடையைப் பார்த்தான், டேப்பைப் பார்த்தான், இரண்டையும் உரித்தெடுத்தான். ஒன்றில் ‘வலந்தலை’ என்று ஆங்கில எழுத்தில் எழுதினான். இன்னொன்றில் எழுதப்போனவன் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டான்:

“அங்கிள், இன்னிக்கு சீஃப் கெஸ்ட் டோபி போட்டிருக்காரா?”