முதலாமாண்டுக் கூச்சமும் முட்டைப் பரிமாற்றமும்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

இந்த ஆய்வின் காலம் 1997இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று நாமக்கல், சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. செப்டம்பரில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றியது. ராகிங்கைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டமும் அதே 1997தான். அதற்குக் காரணமான கொடுமை சிரிப்புக்குரியதல்ல, எனவே அதைத் தொடவில்லை. ஆக, மாணவர் கிளம்பும் மாவட்டம், அவர் போய்ச் சேரும் இடம், அவரை யாரும் சீண்டாதிருக்கச் சட்டம் என மூன்றும் ஒருசேர அமைந்தன. யாரும் சீண்டாமலே, "பேரென்னங்க?" என்றதற்கே வியர்த்துக் கொட்டும் முதலாமாண்டுக்காரருக்கு மட்டும் ஒரு வழியும் பிறக்கவில்லை.

முன்னோடி ஆய்வுகள் இரண்டைக் காண்போம். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியைக் காட்டும் விதம் பற்றி 1872இல் எழுதிய நூலில், வெட்கத்தால் முகம் சிவப்பதற்கு டார்வின் ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். சேலம் ஐந்து ரோட்டில் வெயிலில் பஸ்ஸுக்கு நின்று வந்த முகத்தில் எது வெட்கம், எது வெயில் என்று பிரிக்க அவர் வழி சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஃபிலிப் சிம்பார்டோ 1970களில் கருத்துக்கணிப்பு நடத்தி, நூற்றுக்கு 40 பேருக்கு மேல் தம்மைக் கூச்ச சுபாவிகள் என்று ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். நம் மாணவரிடம் கேட்டால் தலையை ஆட்டுவார். ஆம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம், 'கிளாஸுக்கு நேரமாச்சு' என்றும் கொள்ளலாம்.

கூச்சம் பிறவிக்குணம் என்பது பொதுவான நம்பிக்கை. இவ்வட்டாரத்தில் அது பெருமளவு வளர்ப்புக் குணம். ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளிகளில் மாநிலமெங்குமிருந்து பிள்ளைகள் வந்து பதினொன்றும் பன்னிரண்டும் படித்தார்கள், படிக்கிறார்கள். விடிவதற்கு முன் ஸ்டடி, இரவில் ஸ்டடி, நடுவில் டெஸ்ட். பல இடங்களில் ஆணும் பெண்ணும் பேசினால் குற்றம், வகுப்பில் யார் பேசினாலும் குற்றம். ஊர் இவற்றுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்தது. வகைப்பாட்டில் இது பெரும்பிழை. கறிக்கோழி பல்லடம் பக்கத்துச் சரக்கு. ஆறேழு வாரத்தில் கதை முடிந்துவிடும். நாமக்கல்லில் இருப்பது முட்டைக்கோழி. கூண்டில் வைத்து, சுமார் 20 வாரம் தீனி போட்டு, பிறகு ஓராண்டுக்கு மேல் தினசரி விளைச்சல் எதிர்பார்க்கப்படுவது. இரண்டு வருடப் படிப்புக்கு இதுவே பொருந்தும். திருத்தத்தை ஊர் ஏற்குமா என்பது வேறு விஷயம்.

இரண்டு வருடம் வாயை மூடு என்று சொல்லப்பட்டவரைக் கல்லூரி முதல் நாளே எழுப்பி நிறுத்தி, செல்ஃப் இண்ட்ரோ கொடு என்கிறது, அதுவும் ஆங்கிலத்தில். கூச்சக்காரர் முதல் பெஞ்சிலிருந்து எண்ணத் தொடங்குவார். தமக்கு முன் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை நொடி, பெல் அடித்து நாம் தப்புவோமா என்பதே கணக்கு. உதடு "மைசெல்ஃப்... ஃப்ரம் ராசிபுரம்" என்று ஒத்திகை பார்க்கும். முறை வரும்வரை இந்த ஒத்திகை, முடிந்தபின் நெஞ்சுப் படபடப்பு. ஆகவே ஒருவர் பெயரும் காதில் விழாது. அறிமுக வகுப்பு என்பது வகுப்பில் யாரும் யாரையும் அறியாதபடி பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு என்று இதனால் பெறப்படும். தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கும் ஏஐசிடிஇ இதையே 2017 முதல் பொறியியல் மாணவர்களுக்கு மூன்று வாரப் பயிற்சியாக நீட்டியது. மூன்று வார முடிவில் கூச்சக்காரருக்குச் செமினார் ஹாலின் எல்லா வாசலும் அத்துப்படி.

வகுப்புக்கு வெளியேயும் தரவுகள் உண்டு. டவுன் பஸ்ஸில் "இறங்கணுங்க" என்று குரல் கொடுக்கத் தயங்கி, அடுத்த நிறுத்தத்தில் யாரோ இறங்கும்போது சேர்ந்து இறங்கித் திரும்பி நடப்பவர்கள் உண்டு. தட்டுவடை செட் கடை இன்னும் தெளிவான களம். கடைக்கார அக்கா, வெங்காயமும் பீட்ரூட் துருவலும் அள்ளிய கையோடு, நிமிராமலே கேட்பார்: "காரம் தூக்கலாப் போடட்டுமா கண்ணு?" இவர் தலையாட்டுவார். "பூண்டுச் சட்னி இன்னுங் கொஞ்சம்?" அதற்கும் ஆட்டுவார். கண்ணீர் வழியத் தின்றுவிட்டு, தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுவார்.

இனி இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு: விடுதிகளில் கூச்சம் உடையும் மாதம் புரட்டாசி. சான்று வலுவானது. குடைவரை நரசிம்மரும் அவரை நோக்கிக் கைகூப்பி நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரும் உள்ள நாமக்கல்லில் புரட்டாசி விரதத்துக்குக் குறைவில்லை. வீடுகளில் முட்டை வாங்குவது குறைந்து பண்ணைக் கொள்முதல் விலை இறங்குவதும் வழக்கம். ஆனால் மெஸ் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. முட்டை நாளில் தட்டில் முட்டை வந்துவிடும். விரதக்காரர் அதைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார்.

"ஏனுங்க, முட்டை திங்கறதில்லீங்களா?"

"புரட்டாசிங்க."

"அப்ப இங்க தள்ளுங்க."

அவ்வளவுதான். மூன்று வாரப் பயிற்சியால் ஆகாதது ஓர் அவித்த முட்டையில் முடிந்தது. கடைசிச் சனிக்கிழமை வருவதற்குள் "டேய், என் முட்டை எங்கடா?" என்று உரிமையோடு சண்டை. தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர்கள் கவனிக்க: கூச்சக்காரருக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, பிறர் கேட்டு வாங்கும்படி அவர் கையில் ஏதாவது இருந்தால் போதும்.

விதிவிலக்கையும் பதிவு செய்ய வேண்டும். விரதக்காரருக்கு முட்டைக்குப் பதில் வாழைப்பழம் கொடுக்கும் விடுதிகளில் பரிமாற்றம் நடப்பதில்லை. வாழைப்பழத்தை அவரே தின்றுவிடுகிறார். அங்கெல்லாம் நட்பு, ஊருக்குக் கிளம்பும் தீபாவளி பஸ் கூட்டம் வரை தள்ளிப்போகிறது. சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே பை விழுகிறது, வெளியிலிருந்து ஒரு வகுப்புத்தோழனின் குரல்: "அண்ணா, எடம் போட்டு வைங்க!" திரும்பிப் பார்த்தால் இவரைத் தவிர யாருமில்லை. அடுத்த நிமிடம், உட்கார வந்த பெரியவரைப் பார்த்து, கல்லூரி வாழ்வின் முதல் முழு வாக்கியத்தைக் கூச்சக்காரர் சத்தமாகச் சொல்கிறார்: "ஆளு வர்றாங்க, ரெண்டு பேருங்க."