லாக் புக் மாமா

ராத்திரி ஒன்பது மணி. சொசைட்டி பார்க்கிங்கில் ஒரு புதுக் கார் நிற்கிறது. எஞ்சின் ஓடவில்லை, உள்விளக்கு மட்டும் எரிகிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு பெரியவர், மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் பென்சில், மடியில் தடிப் புத்தகம். வீட்டில் ஏதோ மனஸ்தாபம் போலிருக்கிறது என்று வாட்ச்மேன் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. மாமா ஓனர்ஸ் மானுவல் படிக்கிறார்.

இந்த மாமாவை நீங்கள் தில்லி மயூர் விஹாரிலும் பார்க்கலாம், துவாரகாவிலும் ஜனக்புரியிலும் பார்க்கலாம். எழுபதுகளில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஹோல்டாலோடு வந்து இறங்கியவர். கரோல் பாக் பர்ஸாத்தியில் மூன்று பிரம்மச்சாரிகளோடு சமைத்துச் சாப்பிட்டு, ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்தி, பிள்ளைகளை டி.டி.இ.ஏ. பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்து, ஏதாவதொரு பவனில் ரிடையர் ஆனவர். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் ஹர்பால் சிங் முதல் மாருதி 800-க்குச் சாவி வாங்கியபோது, தானும் அந்தக் கூட்டத்தில் நின்றதாகச் சொல்வார். தில்லியில் அந்த வயசுக்காரர்கள் எல்லாருமே நின்றிருக்கிறார்கள். எப்படி இடம் போதியது என்று தெரியவில்லை. "அந்த வண்டில என்னடா இருந்தது? வேகத்துக்கு ஒரு முள்ளு, பெட்ரோலுக்கு ஒரு முள்ளு, சூட்டுக்கு ஒரு முள்ளு. முடிஞ்சுது. இதுல முந்நூத்திச் சொச்சம் பக்கம் புஸ்தகம்!" என்பார், பேரன் பெருமை பேசுகிற தாத்தா மாதிரி.

எங்கள் மாமா ஆடிட்காரர். ஐ.டி.ஓ. பக்கம் ஏ.ஜி.சி.ஆர். கட்டடத்தில் முப்பத்தைந்து வருஷம். எத்தனையோ இலாகாக் கணக்கைப் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் பேர் சொன்னாலே ஆபீசர்கள் நடுங்கியது ஸ்டாஃப் கார் லாக் புக்கில்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சர்க்கார் அம்பாசடருக்குள் ஒரு நீள நோட்டு இருக்கும். கிளம்பின இடம், போன இடம், மீட்டர், காரியம், கடைசியில் ஆபீசர் கையெழுத்து. காரியம் என்ற கட்டத்தில் எல்லாரும் 'ஆஃபிஷியல்' என்று எழுதிவிடுவார்கள். மாமா அந்தக் கட்டத்தைப் பார்க்கவே மாட்டார். மீட்டரைத்தான் பார்ப்பார். "சாஸ்திரி பவன்லேர்ந்து உத்யோக் பவன் கூப்பிடு தூரம். பதினாறு கிலோமீட்டர் போயிருக்கு. நடுவுல சரோஜினி நகர் மார்க்கெட் எந்த மினிஸ்ட்ரிக்குக் கீழே வரது?" அவ்வளவுதான், ஆடிட் அறிக்கையில் ஒரு பாரா விழுந்துவிடும். அம்மணி வாங்கின குளிர்காலச் சால்வை பார்லிமென்ட் வரைக்கும் போகும் என்று பயந்த ஜாயின்ட் செக்ரட்டரிகள் உண்டு.

அவருடைய பழைய பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்தது. தில்லியில் அப்போது அது வண்டிகளின் சஷ்டியப்தபூர்த்தி. டீசலாக இருந்திருந்தால் பத்திலேயே முடிந்திருக்கும். பிள்ளை அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்ப, மாமா புதுசு வாங்கினார். எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப்போவதில்லை. மேலே திறக்கிற கண்ணாடிக் கூரை, நாலு பக்கமும் கேமரா, உள்ளே காற்று எவ்வளவு சுத்தம் என்று காட்டுகிற ஓர் எண். நவம்பர் மாசத் தில்லியில் அந்தக் கூரையை யார் திறப்பார்கள் என்று கேட்டேன். "இருக்கட்டுமே. பாக்கறச்சே அழகா இருக்கு" என்றாள் மாமி.

வண்டிக்குள்ளே பேச்சுக் கட்டளையும் உண்டு. சர்க்கார் வைத்த பிரபோத், பிரவீண், பிராக்ஞ் பரீட்சை மூன்றும் பாஸ் பண்ணிய மாமாவின் ஹிந்தி அதற்குப் புரியவில்லை. காய்கறிக்காரனிடம் கற்ற மாமியின் ஹிந்திக்கு உடனே ஏ.சி. குறைந்தது. அதற்குப் பிறகு மாமா அந்த விஷயத்தைப் பேசுவதில்லை.

நான் பக்கத்து பிளாட். வண்டி ஓட்டத் துணைக்கு ஒரு சின்ன வயசுக்காரன் வேண்டும் என்பதால் சனிக்கிழமைகளில் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு என்னையும் ஏற்றிக்கொள்வார். நிஜாமுதீன் பாலம், சராய் காலே கான், பாராபுல்லா மேம்பாலம், எய்ம்ஸ், அப்புறம் ஆர்.கே. புரம். இந்தப் பாதையில் அந்த வண்டி பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங்கை மெல்ல இழுத்து நடுவில் விடுகிற வசதி அதில் இருக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் ரிங் ரோட்டில் மூன்று கோட்டுக்குள் ஐந்து வரிசை போகிறது. முன்னால் இடைவெளி விட்டால் அதில் ஓர் ஈ-ரிக்‌ஷா வந்து உட்காரும், உடனே வண்டி வீறிடும். வலப்பக்கம் ஒரு பஸ் உரசும், கண்ணாடியில் மஞ்சள் விளக்கு. இடப்பக்கம் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிய ஒரு பையன், இன்னொரு பீப். மாமா ஒவ்வொரு பீப்புக்கும் "தெரியறது, தெரியறது" என்று பதில் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். சராய் காலே கான் பக்கம் நெரிசல் வந்தபோது ஒருதரம் "எனக்கென்ன கண் அவிஞ்சா போச்சு?" என்று வண்டியைப் பார்த்துக் கத்தினார். பின்சீட்டில் மாமி, "அதுகிட்டயாவது கோச்சுக்காம இருங்கோளேன்" என்றாள்.

ஒரு பீப் மட்டும் கேட்கவேயில்லை. 2019 ஜூலையிலிருந்து இந்தியாவில் செய்கிற கார்களில் எண்பது கிலோமீட்டர் தாண்டினால் விட்டு விட்டும், நூற்றிருபது தாண்டினால் விடாமலும் ஒலிக்கவேண்டும் என்று விதி. மாமா நாற்பத்தைந்தைத் தாண்டியதே இல்லை. பணம் கொடுத்து வாங்கிய சாமானை ஃபிஸிக்கல் வெரிஃபிகேஷன் செய்யாமல் விடுவது ஆடிட் தர்மமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு என்னை எழுப்பி மீரட் எக்ஸ்பிரஸ்வேக்குக் கூட்டிப்போனார். டாஸ்னா தாண்டியதும் முகத்தை இறுக்கிக்கொண்டு மிதித்தார். எழுபது. எழுபத்தைந்து. முருகா. எண்பத்திரண்டில் பீப். உடனே காலை எடுத்து, ஓரமாக நிறுத்தி, மானுவலில் அந்தப் பக்கத்து மார்ஜினில் பென்சிலால் 'வெரிஃபைட், ஃபவுண்ட் கரெக்ட்' என்று எழுதித் தேதி போட்டார். நூற்றிருபதை நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரிதான் வேறொரு பக்கம் அவர் கண்ணில் பட்டது. இந்த வாகனம் தகவல்களைப் பதிவு செய்யும் என்று பொடி எழுத்தில் இருந்தது.

மறுநாள் காலை காபிக்கு முன்னாலேயே கதவைத் தட்டினார். குரலைத் தாழ்த்தி, "உள்ள கறுப்புப் பெட்டி வச்சிருக்கான்டா. ஏரோப்ளேன்ல இருக்குமே, அது!" என்றார். அதிலிருந்து ஒரு வாரம் வண்டிக்குள் பேச்சே இல்லை. மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் சிக்னலில் ஜாடை. சொசைட்டி செக்ரட்டரியின் பெயின்ட் கான்ட்ராக்ட் பற்றிச் சொல்லவேண்டுமானால் இறங்கி, கதவைச் சாத்தி, நாலு அடி தள்ளி நின்று சொல்வார்.

அது பேச்சைக் கேட்கிற பெட்டி இல்லை என்று புரியவைக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஏர்பேக்கை விரிக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேதான் அது பெரும்பாலும் இருக்கிறது. சாதாரண நாளில் எழுதியதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதி அழித்துக்கொண்டிருக்கும். வண்டி மோதினால் மட்டும் அதற்கு முந்தைய ஐந்து விநாடி சுமாருக்கு வேகம் என்ன, பிரேக் மிதித்தாரா, ஆக்ஸிலேட்டரில் கால் இருந்ததா, பெல்ட் போட்டிருந்ததா என்று நிறுத்திவைத்துக்கொள்ளும். ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலையிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயம்.

"டாடா சன்ஸ் தலைவரா இருந்த சைரஸ் மிஸ்திரி செத்துப்போன கார் விபத்துல, பேப்பர்ல வந்துதே மாமா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. 2022 செப்டம்பர் 4, பால்கர் பக்கம், சூரியா ஆற்றுப் பாலம். ஐந்து விநாடி முன்னால் நூறு கிலோமீட்டர் வேகம், பிரேக் மிதித்து மோதும்போது எண்பத்தொன்பது என்று வண்டி கொடுத்த தகவலை வைத்துத்தான் அதைச் செய்த கம்பெனி போலீஸுக்குச் சொன்னது. பின்சீட்டில் இருந்த மிஸ்திரி பெல்ட் போட்டிருக்கவில்லை. பத்தே நாளில் தில்லி போலீஸ் பாராகம்பா ரோட்டில் நின்றுகொண்டு பின்சீட்டுக்காரர்களுக்கு ஆயிரம் ரூபாய் சலான் கிழிக்க ஆரம்பித்தது. முதல் நாள் பதினேழு பேர்.

அந்த வாரமே கரோல் பாக் உதிரிக் கடையில் பெல்ட் கொக்கியில் செருகுகிற வெறும் தகட்டை மாமாவின் நண்பர் ஒருவர் பீப் நிற்பதற்காக வாங்கி மாட்டியிருந்தார். மாமா அதைப் பிடுங்கி யமுனையில் எறியாத குறை. 2023-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் கடைகளிலிருந்து அந்தத் தகட்டுக்கான 13,118 விற்பனைப் பதிவுகளை இறக்கவைத்தபோது, அந்த எண்ணை டயரியில் குறித்துக்கொண்ட ஒரே இந்தியர் இவராகத்தான் இருக்கும்.

ஆக, கறுப்புப் பெட்டி மேல் இருந்த பயம் போனது. மரியாதைகூட வந்தது. "கேட்டாத்தான் சொல்றது. கேக்காம ஒரு வார்த்தை பேசறதில்லை. நல்ல குமாஸ்தா" என்றார்.

ஆனால் வண்டிக்குள் இருந்தது அந்த ஒரு பெட்டி மட்டும் இல்லை. இன்னொன்றும் இருந்தது. அதற்குள் ஒரு சிம் இருந்தது.

டெலிவரி எடுத்த நாள் நடந்ததைச் சொல்லவேண்டும். ஷோரூம் வாசலில் மாமா நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பையன், "அங்கிள்ஜி போனில் ஓ.டி.பி. வரவில்லை, ஆன்ட்டிஜி போனைக் கொடுங்கள்" என்றான். செயலியை இறக்கினான். நிபந்தனைகள் வந்தன, விரலால் தள்ளித் தள்ளி அடிவரைக்கும் கொண்டுபோய், "இங்கே தொடுங்கள்" என்றான். மாமி தொட்டாள். முந்நூறு பக்க மானுவலைப் பென்சிலோடு படித்த மனுஷர், படிக்கவேண்டிய அந்த ஒரே பக்கத்தைப் பார்க்கவில்லை. கண் திருஷ்டி நசுங்கிய அதே நிமிஷத்தில் வண்டிக்குக் கண் திறந்தது.

வண்டி எங்கே நிற்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த டயரில் காற்று எவ்வளவு, எத்தனை நிமிஷம் ஏ.சி. போட்டுக்கொண்டு சும்மா நின்றது, எத்தனை தரம் திடீர் பிரேக், ஓட்டுகிறவருக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் என எல்லாம் மாமியின் போனில் வந்து விழும். ஸ்டியரிங்கைத் தொட்டே இராத மாமி அடுக்களையில் குழம்பு கொதிக்கக் கொதிக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெங்களூரிலிருந்து பெண் வேறு வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். அதைத் தாண்டினால் மணி அடிக்கும். டாஸ்னா போன அன்றைக்கு அடித்திருக்கிறது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. நல்ல ஆடிட்டர் முதல் வவுச்சரிலேயே சத்தம் போடமாட்டார்.

மாமாவுக்குச் சர்க்கரை. பன்னிரண்டு வருஷமாக. மாமி வராத சனிக்கிழமைகளில் கோயில் முடிந்து என்னை எய்ம்ஸ் மெட்ரோவில் இறக்கிவிட்டு அவர் நேரே வீட்டுக்குத்தான் போகிறார் என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கையில் மாமி போனைப் பார்த்தபடி, ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்:

"ஏன்னா, பெங்காலி மார்க்கெட்ல எந்த ஸ்வாமிக்கு இன்னிக்கு அர்ச்சனை?"

மாமாவின் டபரா பாதி வழியில் நின்றது.

"இருபத்திரண்டு நிமிஷம் நின்னுருக்கேள். போன வாரம் பத்தொன்பது. அதுக்கு முந்தின வாரம் முப்பத்தொண்ணு. அன்னிக்கு ரஸமலாயா?"

முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் கொடுத்த பதில்களை எல்லாம் மாமா அன்றைக்கு வரிசையாகக் கொடுத்தார். முதலில், விவரங்கள் சரிபார்க்கப்படுகின்றன என்றார். பிறகு, வாகன நெரிசல் காரணமாக மாற்றுப்பாதை என்றார். கடைசியில் பாராவை டிராப் செய்யலாமே என்று கெஞ்சினார். மாமி டிராப் செய்யவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் சாதத்துக்குப் பதில் கோதுமை ரவை உப்புமா வந்தது.

மறுநாள் மாமா என்னிடம் சட்டம் கேட்டு வந்தார். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக் கொடுத்தேன். பென்சிலோடு உட்கார்ந்தார். சில விலக்குகள் தவிர, ஒருவருடைய சம்மதம் இல்லாமல் தகவலைக் கையாளக்கூடாது என்ற இடத்தில் ஒரு கோடு, ஒரு சின்னச் சிரிப்பு. மூன்றாம் பிரிவுக்குத் திரும்பியபோது சிரிப்பு நின்றது. தனிப்பட்ட அல்லது வீட்டுக் காரியத்துக்காக ஒருவர் தகவலைக் கையாண்டால் இந்தச் சட்டம் அங்கே செல்லாது. சட்டம் முழுசாக அமலுக்கு வந்தபின் கம்பெனியைக் கேள்வி கேட்கலாம். மாமியைக் கேட்க முடியாது. "டிராஃப்ட் பண்ணினவன் கல்யாணமானவன்டா" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

என்னிடம் 2011 மாடல் பெட்ரோல் வண்டி ஒன்று இருக்கிறது. 2025 ஜூலை 1 அன்று பெட்ரோல் பங்குகளில் கேமரா வைத்துக் கிழட்டு வண்டிகளுக்கு எண்ணெய் கிடையாது என்று அறிவித்து, ஒரு வாரத்தில் தள்ளிவைத்தார்களே, அந்தக் கூட்டத்தில் சேர அப்போது இன்னும் கொஞ்ச காலம் பாக்கியிருந்த வண்டி. ரேடியோ பாடாது. இடது கதவை உள்ளேயிருந்துதான் திறக்கவேண்டும். அடுத்த சனிக்கிழமை மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில்கூடப் பார்த்தார்.

"உன் வண்டில சிம் கிடையாதோன்னோ?"

"ஹாரனே சந்தேகம் மாமா."

தன் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். புது வண்டி சொசைட்டியில் நின்ற இடத்திலேயே நின்றது. நாங்கள் பெங்காலி மார்க்கெட்டுக்குப் போய், ஆளுக்கு ஒரு தொன்னை ரஸமலாயோடு மரத்தடியில் நின்றோம். மாமா முதல் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போது என் போன் அடித்தது. மாமி.

"மாமா உன்கூடத்தானே இருக்கார்?"

"கார் கீழேதான் நிக்கறது மாமி..." என்று இழுத்தேன்.

"கார் இருக்குடா. செருப்பைத்தான் காணோம்."